ஐந்து ராண்ட்: வெண்டா நாட்டுப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, லெனேசியாவிலிருந்து (ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே நம் ஆட்கள் நிறைய வாழும் பகுதி) வடக்கே

டிசம்பர் நடுவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வடக்கே கார் எடுப்பது அவ்வளவு புத்திசாலித்தனமான வேலை இல்லை. வேலைத்தலங்கள் மூடியதும் ஜிம்பாப்வேக்காரர்கள் அத்தனை பேரும் என்1 நெடுஞ்சாலையில்தான் ஊருக்குத் திரும்புவார்கள். டாக்ஸி வேன் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு டிரெய்லர். அதன்மேல் மெத்தை, சைக்கிள், பிளாஸ்டிக் நாற்காலி, ஃப்ரிட்ஜ் என்று வேனைவிட உயரமாக அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருப்பார்கள். ஆனால் வாத்தியார் பிழைப்பில் விடுமுறை வேறு எப்போது கிடைக்கும்? கிளம்பிவிட்டோம்.

போவது பெனடிக்ட் டாஸ்வாவின் ஊருக்கு. கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: தென்னாப்பிரிக்கர்களில் கத்தோலிக்கத் திருச்சபை அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) என்று அறிவித்த முதல் ஆள் இவர். கிராமத்துத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர், எட்டுப் பிள்ளைகளின் தகப்பன். 1990 பிப்ரவரி 2 அன்று சுற்றுவட்டார ஆட்களே அடித்துக் கொன்றார்கள். ஊர் வசூலுக்கு ஐந்து ராண்ட் (இந்த நாட்டுக் காசு) கொடுக்க மாட்டேன் என்றார், அதுதான் குற்றம்.

மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர் என்றால் நம் ஆட்களுக்கு ஓரியூர் அருளானந்தர்தான் நினைவுக்கு வருவார். போர்ச்சுகலில் பிறந்து, மறவர் நாட்டில் துறவியைப்போல வாழ்ந்து, 1693-இல் தலை வெட்டப்பட்ட சாமியார். அந்த ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசித்தான் நானும் வளர்ந்தேன். அந்த அளவுக்கு ஒரு காவியத்தன்மை டாஸ்வாவின் கதையில் கிடையாது. பிக்கப் வண்டி, மாவு மூட்டை, பள்ளிக் கட்டணம், கால்பந்து அணி என்று நமக்கு நன்றாகத் தெரிந்த சாமான்களால் ஆன கதை. என்னை இழுத்ததும் அதுதான்.

வண்டியில் நான், மனைவி, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அக்கா. அக்கா டர்பனில் பிறந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்த முதல் கப்பலான ட்ரூரோவிலேயே சென்னைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களையும் பின்னால் வந்தவர்களையும் கவனித்துக்கொண்டவர் சபோன் என்ற பிரெஞ்சுக்காரச் சாமியார். அக்காவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேசினால் நாலு வார்த்தையில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார். ஆனால் செபமாலையைக் கையில் எடுத்தாரோ, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தடையில்லாமல் வரும். எங்கள் ஊரில் என் பாட்டியோடு போய்விட்ட செபம் அது. டோல்கேட் வரிசையில் நிற்கும்போது அக்கா அதை முணுமுணுக்க, என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் அக்கா பாட்கோஸ் (வழிச்சாப்பாடு) டப்பாவைத் திறந்து சமூசா நீட்டினார், எல்லாம் சரியாகிவிட்டது.

பொலொக்வானேயில் இரவு. விடுதி சுமார். எழுத ஒன்றுமில்லை.

சனி, சகுமா சந்தை, தொஹொயாண்டூ

பொலொக்வானேக்கு வடக்கே மகரரேகைக் கல் வரும். அங்கே நின்று படம் எடுப்பது வழக்கமாம், எடுத்தோம். அதன்பிறகு வறண்ட புதர்க்காடு. லூயி ட்ரிஹார்ட் நெருங்க நெருங்க, வலமிருந்து இடம்வரை சௌட்பான்ஸ்பெர்க் மலை மறித்துக்கொண்டு நிற்கிறது. அங்கே கிழக்கே திரும்பி ஆர்524 சாலையைப் பிடித்தால் நாடே மாறிவிடுகிறது. லெவுபு பக்கம் மக்கடேமியாத் தோப்பு, அவகாடோ, வாழை. சிவப்பு மண், ஈரக் காற்று. தென்காசியிலிருந்து செங்கோட்டை ஏறுகிற மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி.

சகுமா சந்தை சாலையோரத்திலேயே இருக்கிறது. வரிசையாகக் கொட்டகை, எல்லாக் கடையிலும் பெண்கள். மாம்பழத்தைப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் கூம்பாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலை கிண்ணத்துக்குத்தான், எடைக்கு இல்லை. நான் ஒரு கிண்ணத்தைக் காட்டிப் பேரம் பேச வாயெடுப்பதற்குள், அந்தம்மாள் கையைக் குவித்து, தலையைச் சாய்த்து, "ஆ" என்றார். இங்கே பெண்களுக்கான வணக்கம் அது. ஆண்கள் "ந்தா" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னதும் பக்கத்துக் கடைகள் எல்லாம் சிரித்தன. பேரம் அதோடு முடிந்தது, அவர் சொன்ன விலைக்கே வாங்கினேன். மேலே இரண்டு பழம் கொசுறாக விழுந்தது. ஒரு ஓரத்தில் உலர்ந்த மொப்பானி புழு குவியலாகக் கிடந்தது. அக்கா ஒரு கை அள்ளி மோந்து பார்த்து, "நெத்திலி மாதிரி இருக்கு தம்பி" என்றார். வாங்கவில்லை.

தொஹொயாண்டூ பழைய வெண்டா நாட்டின் தலைநகர். நாடு என்று சொல்வது பேச்சுக்குத்தான். நிறவெறி அரசு கறுப்பின மக்களைத் துண்டு துண்டாக ஒதுக்கிவைத்து, 'சுதந்திரம்' என்று பட்டம் கட்டிய பொம்மை நாடுகளில் ஒன்று அது. 1979 செப்டம்பர் 13 அன்று அந்தச் 'சுதந்திரம்' அறிவிக்கப்பட்டது. உலகத்தில் தென்னாப்பிரிக்காவும் அதன் மற்ற பொம்மைகளும் தவிர யாரும் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டில்தான் டாஸ்வா ந்வேலி தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார்.

இங்கே எங்களுக்கு இடம் கொடுத்தவர் நாகர்கோவில்காரர், பல்கலைக்கழகத்தில் வேலை. அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன், ஊர்ப் பழக்கம். அண்ணி வைத்த மீன் குழம்பைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடலாம். சாப்பிட்டு முடிக்கும்போது இடி ஆரம்பித்தது.

நானும் கடற்கரைக்காரன்தான், மழை பார்த்தவன்தான். இது வேறு. இடையே மூச்சு விடாமல், கூரைமேலேயே விழுகிற மாதிரி வெட்டிக்கொண்டே இருந்தது. மின்சாரம் போய்விட்டது. அண்ணன் டிவி, மோடம், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றின் பிளக்கையும் ஏற்கெனவே பிடுங்கியிருந்தார். கோடையில் இது இங்கே வழக்கமாம். ஓட்டு வீட்டுக்குள் இருந்த எங்களுக்கே இப்படி என்றால், மலைச்சரிவில் கூரை வேய்ந்த வட்டக் குடிசைக்குள் பிள்ளைகளோடு படுத்திருப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

டாஸ்வா கதையின் கடைசி அத்தியாயம் இப்படி ஒரு மழையில்தான் தொடங்குகிறது. 1989 கடைசியிலிருந்து அவருடைய ஊரான ம்பாஹே பகுதியில் கனமழை, மின்னல். 1990 ஜனவரி 25 அன்று மின்னல் விழுந்து குடிசைகள் எரிந்தன. மின்னலை ஒருவர் இன்னொருவர்மேல் ஏவிவிட முடியும் என்பது இந்த மண்ணின் பழைய நம்பிக்கை. அப்படியானால் ஏவியவர் யார்? கண்டுபிடிக்கக் குறி சொல்பவரிடம் போக வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும். ஊர்த்தலைவர் கூட்டம் போட்டார். வீட்டுக்கு ஐந்து ராண்ட் என்று முடிவானது. டாஸ்வா கூட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது தீர்மானம் முடிந்திருந்தது. மின்னல் இயற்கை, யாரும் அனுப்புவதில்லை என்று எடுத்துச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. என் காசு இதில் சேராது என்று சொல்லிவிட்டார்.

இதைப் படித்தால் நம் ஆட்களுக்கு உடனே ஒரு தலைப்பு கிடைத்துவிடும்: மூடநம்பிக்கையை எதிர்த்த பகுத்தறிவாளர். அண்ணனுக்கு இந்தத் தலைப்பு பிடிக்காது. "குறி கேட்டு ஒரு பேரு வெளிய வந்துட்டா அந்த ஆளு கதி என்னன்னு அந்தக் கூட்டத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும் தம்பி. அவருக்கும் தெரியும். அந்தக் காசு யாரோ ஒரு கிழவியக் கொளுத்துற காசு," என்றார். உண்மை அதுதான். 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் இந்த மாநிலத்தில் சூனியக்காரர் என்று பேர் வைத்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றிருக்கிறார்கள். எரிப்பதுதான் வழக்கம். விஷயம் முற்றிப்போய், 1995-இல் மாகாண அரசு ரலுஷாய் என்ற பேராசிரியர் தலைமையில் விசாரணைக் குழுவே அமைத்தது. டாஸ்வா மறுத்தது ஒரு நம்பிக்கையை மட்டும் இல்லை, அடுத்து நடக்கப்போகும் கொலையில் பங்கு போடுவதை.

எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பருவம் முழுக்கக் கடலில் பாடு இல்லை. வலை வெறுமையாக வந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. முழுக்கக் கத்தோலிக்க ஊர், நாள் தவறாமல் பூசை. ஆனாலும் குறி கேட்கப் போவதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். என் அப்பாவும் கொடுத்தார். அவர் நல்ல மனுஷன். ஊரோடு ஒத்துப்போகிறவர். ஒரு விதவையின் பெயர் வந்தது. அவரை யாரும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லை. கடையில் சாமான் கொடுக்கவில்லை, குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் தூத்துக்குடிக்குக் குடிபோய்விட்டார்.

ஞாயிறு, ந்வேலி

காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ந்வேலி விண்ணேற்பு மாதா கோயிலுக்குப் போனோம். இந்தப் பகுதியில் கோயில் எழும்பக் காரணமானவர்களில் டாஸ்வாவும் ஒருவர். கட்டுகிற வேலையில் கூடவே நின்றவர். 2015 ஆகஸ்ட் 24 அன்று அவருடைய உடலின் எச்சங்களைக் கல்லறையிலிருந்து எடுத்து இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

அன்று சாமியார் வரவில்லை. பெரிய பங்கு, பல கிளைக் கிராமங்கள். எல்லா இடத்திலும் எல்லா ஞாயிறும் பூசை கிடைக்காது. உபதேசியார் (மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்) ஒருவர் வழிபாடு நடத்தினார். எனக்கு அதில் குறை தெரியவில்லை, ஏனென்றால் சாமியார் வராத ஞாயிறுகளில் இந்த ஊர்களில் வழிபாட்டை நடத்தியவர் டாஸ்வாதான். பாட்டு முழுக்க வெண்டா மொழியில். ஒரு பெண் எடுத்துக் கொடுக்க, ஆண்கள் கீழ்ச்சுதியில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆர்மோனியம் கிடையாது, பாட்டுப் புத்தகத்தை யாரும் பிரிக்கவில்லை. காணிக்கைக்கு எல்லோரும் ஆடிக்கொண்டே முன்னால் வருகிறார்கள். அக்கா இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். எழுபதைத் தாண்டிய மூட்டு அது, அன்றைக்கு ஒரு முனகல் இல்லை.

முடிந்ததும் அடக்க இடத்தருகே கொஞ்சம் உட்கார்ந்தோம். இனி ஆளைப் பற்றி.

பிறந்தது 1946 ஜூன் 16, பக்கத்து ம்பாஹே கிராமத்தில். பெற்றோர் வைத்த பெயர் சிமங்கட்ஸோ சாமுவேல். லெம்பா என்ற சமூகம். வெண்டா மக்கள் நடுவில் வாழ்ந்தாலும் பன்றிக்கறி தொடாமை, தங்கள் முறைப்படி அறுத்த கறியை மட்டும் உண்பது, விருத்தசேதனம் என்று யூதர்களை நினைவூட்டும் வழக்கங்கள் கொண்டவர்கள். பையன் பள்ளி விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனபோது கத்தோலிக்கர்களோடு பழக்கம். ஊர் திரும்பி, பெனடிக்ட் ரிசிமாத்தி என்ற உபதேசியாரிடம் மறைக்கல்வி படித்தான். பாடம் நடந்தது ஒரு மரத்தடியில். 1963 ஏப்ரல் 21 அன்று ஞானஸ்நானம் பெற்றபோது தன் ஆசிரியரின் பெயரையே எடுத்துக்கொண்டான். புனித பெனடிக்டின் 'செபி, உழை' என்பதுதான் கடைசிவரை அவர் கொள்கை. அதில் உழைப்புப் பாதியை அவர் பிடித்த பிடியை வாத்தியாராக நான் மறக்க முடியாது.

அப்பா விபத்தில் இறந்துபோக, தம்பி தங்கையைப் படிக்கவைக்கும் பொறுப்பு இவர் தலையில். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தார். தலைமையாசிரியர் ஆனதும் வராத பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கே போவாராம். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குச் சும்மா காசு கொடுக்காமல், தன் காய்கறித் தோட்டத்தில் வேலை கொடுத்து அந்தக் கூலியைக் கட்டணமாகக் கட்டவைத்தார். இன்றைக்கு இப்படி ஒருவர் செய்தால் குழந்தைத் தொழிலாளர் என்று புகார் போய்விடும், எனக்குத் தெரியும். ஆனால் ஓசியில் வாங்கிய படிப்பு என்று ஒரு பையன் தலைகுனியக் கூடாது என்பதில் அந்த மனிதருக்கு இருந்த அக்கறையை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. பள்ளி இப்போது விடுமுறையில் பூட்டிக் கிடக்கிறது. வேலி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

1974-இல் ஷாடி எவலின் மொன்யாய் என்பவரோடு திருமணம். வீட்டில் இவர் செய்ததுதான் ஊரைக் கொஞ்சம் கலக்கிவிட்டது. விறகு வெட்டுவார், துணி துவைப்பார், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார். ஒரு தலைமையாசிரியர், அதுவும் ஊர்த்தலைவரின் நம்பிக்கைக்குரிய செயலாளர், இடுப்பில் துண்டோடு துணி அலசினால் ஊர் சும்மா இருக்குமா? பெண்டாட்டி மருந்து வைத்துவிட்டாள் என்று பேசினார்களாம். இதை நான் சொன்னபோது மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

செங்கல் வீடு, சொந்த வண்டி, செழிப்பான தோட்டம். கூடவே பொறாமையும் வளர்ந்திருக்கிறது. கால்பந்திலும் ஒரு சண்டை. இவரே உருவாக்கிய அணிக்கு 'ம்பாஹே லெவன் கம்ப்யூட்டர்ஸ்' என்று பெயர். அந்தக் காலத்தில் இந்தக் கிராமத்தில் கம்ப்யூட்டரை யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை, பெயர் அபாரம். தோற்கத் தொடங்கியதும், ஜெயிக்க மூட்டி வாங்க வேண்டும் என்றார்கள் ஆட்டக்காரர்கள். மூட்டி என்றால் இங்கே மருந்து, மந்திர மருந்தும் அதில் சேரும். முடியாது என்று விலகி, 'ஃப்ரீடம் ரெபெல்ஸ்' என்று வேறு அணி தொடங்கிவிட்டார். ஆக, அந்த ஐந்து ராண்ட் மறுப்பு திடீரென்று வந்த வீரம் இல்லை. பத்திருபது வருஷமாக வீட்டிலும் பள்ளியிலும் மைதானத்திலும் செய்துகொண்டிருந்ததைத்தான் அன்றைக்கும் செய்தார்.

மதியம் சபைப் பெண்கள் சாப்பிடாமல் விடவில்லை. வூஸ்வா என்கிற மக்காச்சோளக் களி. மெல்லிய ஏடு ஏடாகத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி ஆறவைக்கிறார்கள். கையால் ஒவ்வொரு ஏடாக உரித்து, கீரை மசியலில் தொட்டுத் தின்ன வேண்டும். அக்காவின் கைப்பையிலிருந்து மாங்காய் ஊறுகாய் பாட்டில் வெளியே வந்தது. ஐந்து நிமிஷத்தில் காலி. செய்முறை கேட்டார்கள், அக்கா எழுதிக் கொடுத்தார்.

திங்கள், ம்பாஹே, சிதானினி

பங்கு இளைஞர் ஒருவர் வழிகாட்ட, அந்தச் சாலைக்குப் போனோம்.

1990 பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை. அன்று காலை கேப்டவுன் நாடாளுமன்றத்தில் டி கிளர்க் எழுந்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மீதான தடையை நீக்குகிறேன், மண்டேலாவை விடுதலை செய்யப்போகிறேன் என்று அறிவித்தார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. இங்கே டாஸ்வா மனைவியின் சகோதரியையும் அவருடைய நோயுற்ற குழந்தையையும் வண்டியில் ஏற்றி டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போனார். திரும்பும் வழியில் ஒருவர் மாவு மூட்டையோடு நடந்து வர, பக்கத்துக் கிராமத்தில் அவரை இறக்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வரும்போது மணி ஏழரை இருக்கும். சாலைக்குக் குறுக்கே மரம் போட்டிருந்தது.

இறங்கி அதை நகர்த்தப் போனார். இருட்டிலிருந்து கல் விழுந்தது. அடிபட்டு, ரத்தத்தோடு, கால்பந்து மைதானத்தைக் கடந்து ஓடி, ஒரு பெண்ணின் குடிசைக்குள் புகுந்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. எங்கே என்று சொல், இல்லாவிட்டால் உன்னைக் கொல்வோம் என்று அந்தப் பெண்ணை மிரட்டினார்கள். அது காதில் விழுந்ததும் அவரே வெளியே வந்தார். கடவுளிடம் தன் ஆவியை ஒப்படைத்துச் செபித்தார். முண்டுத்தடியால் மண்டையில் அடித்தார்கள். கொதிக்கிற வெந்நீரைக் கொண்டுவந்து காதிலும் மூக்கிலும் ஊற்றினார்கள். வயது 43. எட்டாவது குழந்தை அப்போது தாய் வயிற்றில்.

சாலையிலிருந்து மைதானம்வரை நடந்து பார்த்தேன். ஒரு வகுப்பறையிலிருந்து அலுவலக அறைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து எங்கள் பக்கம் உருண்டு வர, மனைவி செருப்போடு உதைத்து அனுப்பினாள். வழிகாட்டிய இளைஞரிடம் அடித்தவர்கள் யார், இப்போது எங்கே என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. சிலரைப் போலீஸ் பிடித்தது, சாட்சி போதாமல் வழக்கு நிற்கவில்லை, ஒருவருக்கும் தண்டனை கிடையாது. இதெல்லாம் நான் ஏற்கெனவே படித்த விஷயம். ஆனால் இந்த ஊரில் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் களி வைத்தவர்களுக்கும் சொந்தமாக இருக்கலாம். பிள்ளைகள் எட்டு பேரும் இதே மண்ணில் வளர்ந்து ஆளானவர்கள். அந்தத் தாய் 2008-இல் இறந்துபோனார், கணவர் பீடமேறியதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அடக்கம் பிப்ரவரி 10, சனிக்கிழமை. மறுநாள் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். யாருக்கு இந்தக் கிராமத்துச் சாவு கண்ணில் பட்டிருக்கும்? ஆனால் அடக்கப் பூசைக்கு வந்த சாமியார்கள் சிவப்பு அங்கி போட்டிருந்தார்கள். மறைசாட்சிக்கு உரிய நிறம். ரோமாபுரி முடிவு சொல்ல இருபத்தைந்து வருஷம் ஆனது, இவர்கள் எட்டே நாளில் சொல்லிவிட்டார்கள்.

சிதானினிக்கு மாலையில் போனோம். 2015 செப்டம்பர் 13 அன்று கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ வந்து அருளாளர் பட்டம் வழங்கியது இந்த ஊரில்தான். ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் வந்தார்களாம். வெண்டாவுக்குப் போலிச் சுதந்திரம் கொடுத்த அதே செப்டம்பர் 13. தேதி குறித்தவர்கள் இதை யோசித்தார்களா என்று தெரியாது, இந்த ஊர்ப் பெரியவர்கள் கண்டிப்பாக யோசித்திருப்பார்கள்.

அண்ணன் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். அவருக்கு அன்றைக்கு வேறு ஒரு அதிசயம். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் தேவசகாயம் பிள்ளைக்கு அருளாளர் பட்டம் கொடுத்ததும் இதே கர்தினால் அமாத்தோதான். அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தவர், அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அதிலும் கலந்துகொண்டிருக்கிறார். "ரெண்டு பேரும் சாமியார் இல்ல, பெண்டாட்டி உள்ளவங்க, ரெண்டு பேரும் பொறந்தப்ப கிறிஸ்தவங்க இல்ல. ஒரே ஆளு வந்து ரெண்டு பேருக்கும் பட்டம் கட்டிட்டுப் போறாரு பாரு," என்றார். 1752 ஜனவரியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராகிவிட்டார். டாஸ்வாவுக்கு இன்னும் அருளாளர் நிலைதான். மறைசாட்சி என்பதால் அருளாளர் பட்டத்துக்குப் புதுமை (அற்புதம்) தேவைப்படவில்லை. புனிதர் ஆக ஒரு புதுமை நிரூபணமாக வேண்டும். அண்ணி தன் தங்கையின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக இவரிடம்தான் நவநாள் செய்கிறார். தேவசகாயத்தின் கல்லறை இருக்கும் கோட்டாறுக்கு ஒரு மெழுகுவர்த்தி, ந்வேலிக்கு ஒரு மெழுகுவர்த்தி.

இரவுச் சாப்பாட்டில் வாக்குவாதம். அக்கா தன் காரின் கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறவர். போன வாரம்கூடப் பேரனுக்கு உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார். "அப்போ அதுவும் தப்பா?" என்று அவரே ஆரம்பித்தார். அண்ணன் தப்புதான் என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. பேரனுக்குச் சுற்றிப் போட்ட உப்பு அடுப்போடு போய்விடுகிறது. அதற்குப்பிறகு, கண் வைத்தது எதிர்வீட்டுக்காரிதான் என்று ஒரு பெயர் நம் வாயிலிருந்து வருகிறதே, டாஸ்வா நின்றது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அவர் தன் மக்களின் பாட்டையோ மொழியையோ ஊர்க்கூட்டத்தையோ விட்டு விலகியவர் இல்லை. ஊர்த்தலைவரின் கணக்கையே எழுதியவர். ஒரு பெயரை வெளியே கொண்டுவரக் காசு கொடுக்க மாட்டேன் என்றார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பத்துக் கட்டளைகளில் முதல் கட்டளையை எடுத்து விளக்கினார். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிளகாயை மட்டும் எடுத்துவிடுகிறேன், எலுமிச்சை வாசனைக்கு இருக்கட்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

செவ்வாய், திரும்பும் வழி

அரசு விடுமுறை. தெற்கே போகும் பக்கம் சாலை காலி, எதிர்ப்பக்கம் இன்னும் மெத்தைகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. மாலைக்குள் வீடு.

போக நினைப்பவர்களுக்கு: இவருடைய திருநாள் பிப்ரவரி 1. இறந்தது 2-ஆம் தேதி என்றாலும், அது ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள் என்பதால் ஒரு நாள் முன்தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தச் சமயம் கூட்டம் அதிகம், தொஹொயாண்டூவில் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவைக்கவும். நல்ல மழைக்காலம். கிராமத்துச் சாலைகளில் தாழ்வான காருக்குச் சிரமம். கோயிலுக்குப் போவதானால் பங்கில் முதலிலேயே பேசிவிட்டுப் போங்கள், திடீரென்று போய் நின்றால் திறக்க ஆள் இருக்காது. பெண்கள் முழங்கால் மறைய உடுத்துவது மரியாதை. சந்தையில் சில்லறை வேண்டும், அட்டை செல்லாது.

லெனேசியாவிலிருந்து பிப்ரவரியில் ஒரு பஸ் பிடிப்பதாக அக்கா முடிவே செய்துவிட்டார். வழியிலேயே போனில் பாதி இடம் நிரப்பிவிட்டார். மீதி இடம் வேண்டுகிறவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் அவரைப் பிடிக்கவும். முன்பணம் கண்டிப்பாகக் கேட்பார், ஊறுகாய் அவர் பொறுப்பு.